28 மில்லி கட்டை: டைல்ஸ் ஒட்டுவதற்கு முந்தைய ஒன்றரை மாதம்

கட்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கதவு வேலை செய்த ஆசாரி கழித்துப் போட்ட தேக்குத் துண்டு, துணி சோப்புக் கட்டி அளவு. அதை இழைக்கச் சொல்லி, சரியாக 28 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்து, மேலே பென்சிலால் '28' என்று எழுதி, ஒன்றரை மாதம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதல் இரண்டு நாள் மேஸ்திரி சிரித்தார். மூன்றாம் நாள் அவரே, "சார், அந்தக் கட்டையைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வாங்கினார்.

வீடு திருச்சிக்கு வெளியே, மணிகண்டம் பக்கம். நான் சொல்லும் பாத்ரூம் மாடியில் படுக்கையறையை ஒட்டியது. செங்கல் சுவருக்குச் செங்கல் சுவர் 8 அடிக்கு 5 அடி. கதவு 5 அடிச் சுவரில், எதிர்க்கோடியில் ஷவர், நடுவில் நீளச் சுவரை ஒட்டி வெஸ்டர்ன் க்ளோசெட், கதவுக்குப் பக்கத்தில் வாஷ்பேசின். கீழே ஹால். ஒழுகினால் சோபாவில் சொட்டும். அந்தப் பயம்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது. மற்ற அறைகளை மேஸ்திரியிடம் விட்டுவிட்டேன். பாத்ரூமில் மட்டும் கூடவே நின்றேன். பல வேலைகளை நானே செய்தேன்.

கட்டை வந்த கதை இப்படி. க்ளோசெட்டை முன்னாலேயே வாங்கி வைத்திருந்தோம். எஸ்-ட்ராப், அதாவது கழிவு தரை வழியாக இறங்கும் வகை, 9 அங்குலம். கழிவுக் குழாயின் மையம் சுவரிலிருந்து 9 அங்குலத்தில் இருக்க வேண்டும். பிளம்பர் குழாயை நிறுத்திவிட்டுப் போன அன்று மாலை டேப் பிடித்துப் பார்த்தேன். செங்கலிலிருந்து மிகச் சரியாக 9. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு சாப்பிட்டுவிட்டு க்ளோசெட் பெட்டியில் இருந்த தாளைச் சும்மா புரட்டினேன். படத்தில் சுவர் என்று வரைந்திருந்த பட்டைக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள். அது டைல்ஸ்.

அப்போதுதான் உறைத்தது. 9 அங்குலம் என்பது டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு நிற்கப்போகும் சுவரிலிருந்து. அந்தச் சுவர் இன்னும் பிறக்கவே இல்லை. பூச்சு 15 மில்லி, பசை 4 மில்லி, டைல் 9 மில்லி: கூட்டினால் 28. ஒரு அங்குலத்துக்கும் மேல். அப்படியே விட்டிருந்தால் குழாய் சுவருக்கு ஒரு அங்குலம் நெருங்கி நின்றிருக்கும். க்ளோசெட் முதுகு சுவரில் இடித்து உட்காரவே உட்காராது. சிமெண்டும் டைலும் போட்ட பிறகு தெரிந்திருந்தால் தரையை உடைப்பதைத் தவிர வழியில்லை.

மறுநாள் பிளம்பரை வரவழைத்துக் குழாயை வெட்டி, 28 மில்லி தள்ளி நிறுத்தினோம். அவர் முணுமுணுத்தார். "எல்லாரும் செங்கல்லேர்ந்துதான் சார் அளப்பாங்க, ஒரு அங்குலம் கூட வெச்சுக்குவோம்" என்றார். கூட வைத்தாரா என்றால் இல்லை. அதற்கப்புறம் எதை அளந்தாலும் முதலில் கட்டையைச் செங்கலில் அழுத்திப் பிடித்து, கட்டையின் முகத்திலிருந்துதான் டேப் ஓடியது. குழாய் முனைகள், கெய்சர் பாயிண்ட், ஹெல்த் ஃபாசெட், எல்லாமே.

இனி தரைக்கு வருகிறேன். பாத்ரூம் தளத்தை முக்கால் அடி தாழ்த்தித்தான் கான்கிரீட் போட்டிருந்தார்கள். சங்கன் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பள்ளம். அதற்குள் இறங்கிப் பார்த்தபோது கட்டுமானத்தின் வரலாறே கிடந்தது: காய்ந்த கலவைக் கட்டிகள், சென்ட்ரிங் பலகைச் சிராய், ஒரு பீடிக்கட்டு, கம்பி கட்டும் கம்பித் துண்டுகள். இந்தக் கம்பித் துண்டுதான் மோசம். மேலே எவ்வளவு நல்ல வாட்டர்புரூஃப் பூசினாலும், அடியில் துருத்திக்கொண்டிருக்கும் கம்பி துருவேறிப் பூச்சைத் துளைத்துவிடும். சித்தாளும் நானும் உட்கார்ந்து உளியால் கொத்திச் சுரண்டி, கம்பிப் பிரஷால் தேய்த்து, மூன்று முறை கழுவினோம். அரை நாள் வேலை. ஈரத் துணியால் துடைத்தால் துணியில் மண் வரக்கூடாது என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

தளமும் சுவரும் சேரும் மூலையில் கலவையை வைத்து, பாட்டில் அடியால் இழுத்து உள்பக்கம் வளைவாக்கினோம். பூச்சு செங்கோண மூலையில்தான் முதலில் விரிசல் விடும், வளைவில் நிற்கும். பள்ளத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு அங்குலக் குழாய் ஒன்றை வெளிச்சுவர் வழியாக வெளியே விட்டோம். என்றாவது உள்ளே தண்ணீர் இறங்கினால் ஹால் கூரைக்குப் போகாமல் இந்தக் குழாயில் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை. இதை ஏன் எல்லா வீட்டிலும் வைப்பதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வாட்டர்புரூஃபுக்கு இரண்டு பாகமாக வரும் பாலிமர் சிமெண்ட் கோட்டிங். தூள் ஒரு பை, பால் போன்ற திரவம் ஒரு கேன். டிரில்லில் கலக்கும் கம்பியை மாட்டிக் கட்டியில்லாமல் அடித்து, ஈரப்படுத்திய தளத்தில் பிரஷால் பூச வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது, காய்ந்தும் இருக்கக்கூடாது. முதல் கை இடவலமாக, காய்ந்ததும் இரண்டாவது கை அதற்குக் குறுக்காக. மூலைகளிலும் குழாயைச் சுற்றியும் முதல் கை ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதித்தோம். பங்குனி வெயிலில் கலவை வாளியிலேயே இறுக ஆரம்பித்துவிடுகிறது. பாதிப் பாதியாகக் கலக்கியதுதான் காப்பாற்றியது.

அப்புறம் தண்ணீர் கட்டும் சோதனை. குழாய் வாய்களை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டாகிவிட்டது. 48 மணி நேரம் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல்: திருச்சி வெயிலுக்குத் தண்ணீர் தானாகவே குறையும். குறைந்தது ஆவியானதா, ஒழுகியதா? அதற்கு ஒரு வழி செய்தேன். அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அதே பள்ளத்தில், அதே காற்றில் வைத்து, அதிலும் கோடு போட்டேன். ஆவியானால் இரண்டும் ஒரே அளவு குறைய வேண்டும்.

48 மணி நேரம் கழித்து: தொட்டியில் 5 மில்லி குறைவு. பள்ளத்தில் 11.

மேஸ்திரி, "வெயில் சார், இது வெயில்" என்றார். நான் தொட்டியைக் காட்டினேன். இருவரும் பேசாமல் கீழே இறங்கி ஹால் கூரையைப் பார்த்தோம். வெளிச்சுவர் பீமை ஒட்டி, ஊத்தப்பம் அளவுக்கு ஈரம். மேலே அதற்கு நேராகத் தரைக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடம். துளை குழாயைவிடப் பெரிதாக இருந்ததால் செங்கல் சில்லை வைத்துக் கலவையால் அடைத்திருந்தார்கள். கலவை காய்ந்து சுருங்கியதும் குழாயைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டுவிட்டது. மேலே பூசிய கோட்டிங் அந்த இழையோடு சேர்ந்து விரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, குழாயின் வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்துப் போக்கி, சுருங்காத கிரவுட்டை ஊற்றி அடைத்து, வலை வைத்து மறுபடி இரண்டு கை பூசி, நான்கு நாள் விட்டு, மறுபடி தண்ணீர் கட்டினோம். இந்த முறை தொட்டியில் 5, பள்ளத்தில் 5. அன்று மேஸ்திரிக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பள்ளத்தை எதால் நிரப்புவது என்பதில் ஒரு சின்னச் சண்டை. முக்கால் அடியில் மேல் தளத்துக்கும் டைலுக்கும் 3 அங்குலம் விட்டால், 40 சதுர அடிக்கு அரை அடி ஆழம்: 20 கன அடி. செங்கல் ஜல்லியைக் கலவையோடு போட்டால் ஏறக்குறைய ஒரு டன் எடை தளத்தின் மேல் உட்காரும். வீட்டிலேயே ஏ.ஏ.சி. என்ற, காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கல்லின் உடைசல் நிறையக் கிடந்தது. அதன் எடை பாதிக்கும் கீழே. அதையே போட்டோம். அது தண்ணீர் குடிக்கும் கல் என்று மேஸ்திரி சொன்னது சரிதான். அதனால்தான் மேலேயும் ஒரு அடுக்கு வாட்டர்புரூஃப் கட்டாயமானது. கழிவுக் குழாய்களுக்கு 50-க்கு 1 வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் கலவைத் திண்டு கொடுத்து, குழாய் ஆடாதபடி செய்த பிறகே நிரப்பினோம்.

சுவரில் பிளம்பர் காடி வெட்டி சி.பி.வி.சி. குழாய்களைப் பதித்தார். ஒட்டி ஒரு நாள் கழித்து, முனைகளை அடைத்து, கைப்பம்பால் 7 கிலோ அழுத்தம் ஏற்றினோம். பம்பையும் அழுத்தம் காட்டும் முள்ளையும் கழற்ற நான் விடவில்லை. பூச்சு முடியும் வரை அழுத்தத்தோடேயே இருக்கட்டும். எலக்ட்ரீஷியனோ கொத்தனாரோ ஆணியடித்தால் முள் அன்றைக்கே சொல்லிவிடும். இரவில் கொஞ்சம் இறங்கும், மத்தியானம் ஏறும். அது வெயிலின் வேலை.

இங்கேதான் என் கட்டை என்னைக் கைவிட்டது.

பூச்சுக்கு முன்னால் அறை மூலைமட்டமாக இருக்கிறதா என்று மூலைவிட்டம் அளந்தேன். 8-க்கு 5 அறைக்கு இரண்டு மூலைவிட்டமும் 9 அடி 5¼ அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒன்று 9 அடி 4½, இன்னொன்று 9 அடி 6. அதாவது குறுக்குச் சுவர்கள் சாய்ந்து நிற்கின்றன. 5 அடிக்கு முக்கால் அங்குலத்துக்கு மேல், 22 மில்லி கோணல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓரடிச் சதுர டைலைத் தரையில் வரிசையாகப் பதித்துக்கொண்டே போனால் கடைசி வரிசை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் வெட்டுப்படும். ஆப்பு மாதிரி. தினமும் குளிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இரண்டு குறுக்குச் சுவர்களையும் திருத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்தோம். ஷவர் சுவரை மட்டும் மூலைமட்டத்துக்குக் கொண்டுவருவது. கதவுச் சுவரை விட்டுவிடுவது. அங்கே விழும் ஆப்பு வெட்டு கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். நீளச் சுவரில் மூலையிலிருந்து 3 அடி, ஷவர் சுவரில் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வரும்படி புதிய சுவர் நிற்க வேண்டிய இடத்தில் நூல் கட்டினோம். நூலைத் தட்டி நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்: ஷவர் டைவர்ட்டரின் பிளாஸ்டிக் மூடிக்கு முன்னால் ஓடுகிறது நூல்.

டைவர்ட்டர் என்பது தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும், சுவருக்குள் புதையும் பித்தளை உடம்பு. அதன் மூடியில் 'குறைந்தது', 'அதிகம்' என்று இரண்டு கோடு இருக்கும். முடிந்த டைலின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். எனக்கு வந்ததில் இடைவெளி 20 மில்லி. கட்டையை வைத்து டைலின் முகம் சரியாக நடுவில் வரும்படி பெருமையாகப் பொருத்தியிருந்தேன். ஆனால் கட்டைக்குச் சுவர் கோணலாக இருப்பது எப்படித் தெரியும்? அந்த இடத்தில் பூச்சு இன்னும் 15 மில்லி கூட வரப்போகிறது. 28 இல்லை, 43. மறுபடி காடியை உடைத்து, டைவர்ட்டரை 15 மில்லி வெளியே இழுத்து வைக்க வேண்டியதாயிற்று. பிளம்பர் இந்த முறை முணுமுணுக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார். "கட்டை என்ன சொல்லுது சார்?"

ஆக வரிசை இதுதான்: முதலில் மூலைவிட்டம், அப்புறம் தூக்குக்குண்டு, அப்புறம் நூல், அதற்கப்புறம்தான் பிளம்பர். நான் தலைகீழாகச் செய்தேன்.

பூச்சுக்கு முந்தைய நாள் கான்கிரீட் தூணில் பொளி போட்டோம். வழவழப்பான கான்கிரீட்டில் கலவை ஒட்டாது, கோடாலியால் கொத்திய தழும்பு வேண்டும். தூணும் செங்கல்லும் சேரும் கோட்டிலும், காடி அடைத்த இடங்களிலும் கோழி வலை அடித்தோம். ஷவர் சுவரின் தடித்த முனையில் 37 மில்லி பூச்சு. ஒரே கையில் அப்பினால் தொங்கி விழுந்துவிடும். முதல் கை பூசி, ஈரத்திலேயே கரண்டி முனையால் கீறிவிட்டு, மறுநாள் வலை வைத்து இரண்டாவது கை. கலவை சிமெண்ட் 1-க்கு மணல் 4, சலித்த பி-சாண்ட் என்ற பூச்சு மணல். சுவரில் டைல் சில்லுகளைப் புள்ளி வைத்து, நூலுக்கும் தூக்குக்குண்டுக்கும் சரிபார்த்து, அந்தப் புள்ளிகளின் மேல் மட்டப்பலகையை ஓடவிட்டு இழுத்தார் மேஸ்திரி. அந்த வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே விளக்கு வைத்தால் வெளிச்சம் வராது.

குறை வேறு இடத்தில் வந்தது. "டைல்ஸ் ஒட்டப்போற சுவர் மேஸ்திரி, மணியாஸ் கட்டையோட நிறுத்திடுங்க, சொரசொரப்பா இருக்கட்டும்" என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். மணியாஸ் கட்டை என்பது பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை. கெய்சர் பாயிண்ட் விஷயமாகக் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் முதல் நீளச் சுவரில் சிமெண்ட் பால் விட்டு, இரும்புக் கரண்டியால் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவைத்திருந்தார். முகத்தில் அவ்வளவு திருப்தி. அந்தச் சுவரைப் பார்த்தால் யாருக்கும் திட்ட மனசு வராது. முப்பது வருஷமாகக் கையில் ஏறிய பழக்கம். சுவரைப் பாதியில் விட்டுவிட்டுப் போக அவருக்குக் கூச்சம். நல்லவேளை, சிமெண்ட் பால் இன்னும் இறுகவில்லை. கம்பிப் பிரஷை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கெடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தச் சண்டைக்குப் பின்னால் பழைய முறை, புதிய முறை என்ற விஷயம் இருக்கிறது. பழைய முறையில் டைலின் முதுகில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் கலவையை அப்பிச் சுவரில் தட்டுவார்கள். சுவர் கோணலாக இருந்தாலும் அந்தக் கனம் சரிக்கட்டிவிடும். பசையில் அது நடக்காது. பல் கரண்டியால் 3 முதல் 6 மில்லிதான் இழுக்க முடியும். அதனால் நேராக இருக்க வேண்டியது சுவர். டைல் அதன் மேல் படுத்துக்கொள்ளும். சாதாரணச் செராமிக் சுவர் டைல் தண்ணீர் குடிக்கும், சிமெண்ட்டோடு ஒட்டும், ஊறவைத்துத்தான் பதிப்பார்கள். விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது. அதில் வெறும் சிமெண்ட் பால் பிடிப்பதில்லை. சில வருஷத்தில் தட்டினால் 'டொக்' என்கும். என் சுவர் டைல் செராமிக்தான், தரை விட்ரிஃபைடு. ஆனாலும் இரண்டுக்கும் பசைதான் என்று முடிவு செய்தேன். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணும், 5 வகைகளில் அது எந்த வகை என்பதும் இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட மூட்டை சொல்வதை நம்பலாம்.

பூச்சு முடிந்து ஏழு நாள், நாளுக்கு மூன்று வேளை தண்ணீர் அடித்தோம். அதற்கப்புறம் மூன்று வாரம் சும்மா விட்டேன். வீட்டில் இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. வைகாசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. "சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா டைல்ஸ் ஒட்டிக்குமா?" என்று மாமியார் தொலைபேசியில் கேட்டார். பூச்சு காயும்போது சுருங்கும். வரவேண்டிய விரிசல் டைலுக்கு முன்னால் வந்துவிடட்டும் என்பதுதான் கணக்கு. வந்தது. ஜன்னல் மூலையில் ஒன்று. சுத்தியல் காம்பால் சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்ததில் காடி ஓடிய இடத்தில் கையகலத்துக்கு ஒரு பொக்கு. இரண்டையும் வெட்டியெடுத்து மறுபடி பூசினோம்.

ஷவர் பகுதிச் சுவரில் 7 அடி உயரம் வரைக்கும், மற்ற சுவர்களில் ஓர் அடிக்கும் அதே கோட்டிங் இரண்டு கை பூசினேன். இது முழுக்க என் கைவேலை.

தரைதான் கடைசி. டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, படுக்கையறைத் தரைமட்டத்திலிருந்து 3 அடி உயரத்தில் பாத்ரூம் சுவர் சுற்றிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டோம். இனி எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து கீழே. கதவடியில் டைலின் முகம் படுக்கையறைத் தரைக்கு அரை அங்குலம் தாழ்வு. அங்கிருந்து ஷவர் மூலையில் தரைத் தண்ணீர் இறங்கும் நாணி ட்ராப் வரைக்கும் இன்னும் ஒரு அங்குலம் இறக்கம்: 8 அடிக்கு ஒரு அங்குலம், அதாவது அடிக்கு ஒரு நூல். கொத்தனார்களின் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். கட்டுகிற நூலும் நூல், அளக்கிற நூலும் நூல் என்பதால் என் டைரியில் ஒரு பக்கம் முழுக்கக் குழப்பம்.

தரைக்கு ஓரடிச் சதுர டைல் எடுத்ததும் இதற்காகத்தான். வீட்டுக்காரிக்கு 2-க்கு 2 பெரிய டைல்தான் பிடித்திருந்தது. ஆனால் தரை இரண்டு பக்கத்திலிருந்தும் மூலைக்குச் சரிகிறது. பெரிய டைல் அந்த மடிப்பில் வளையாது. எங்காவது ஒரு முனை தூக்கிக்கொள்ளும், காலில் இடிக்கும். ட்ராப்பின் வாய் டைலின் நடுவில் விழாமல் இணைப்பில் விழும்படி, டைலை வெறும் தரையில் பரப்பிப் பார்த்து, ட்ராப்பின் மேல் துண்டை ஒரு அங்குலம் நகர்த்தினோம். அதன் உயரமும் டைலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 28 கட்டை இங்கே செல்லாது, தரைக்கு வேறு கணக்கு.

1-க்கு 3 கலவையை உருட்டினால் உருண்டையாக நிற்கிற ஈரத்தில் பரப்பி, அழுத்தி, மட்டப்பலகையால் வாட்டம் இழுத்தோம். மறுநாள் கதவடியில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாகச் சாய்த்தேன். அழகாக ஓடிப் போய், வாஷ்பேசினுக்குக் கீழே சின்னக் குளமாக நின்றுவிட்டது. டைல் வந்தாலும் அங்கேயேதான் நிற்கும். பசையால் பள்ளம் தூர்க்கலாம் என்று நினைப்பது வேலையைத் தள்ளிப்போடுவதுதான். குளத்தின் கரையை சாக்பீஸால் வரைந்து, தாழ்ந்த இடத்தைக் கொத்தி, சிமெண்ட் பால் அடித்து மேலே ஏற்றினோம். இரண்டாவது சொம்பு முழுசாக ட்ராப்புக்குப் போனது.

அதன் மேல் மறுபடி கோட்டிங். சுவரிலிருந்து இறங்கி வரும் பூச்சின் மேல் அரை அடி ஏறும்படியும், ட்ராப்பின் வாய்க்குள் கொஞ்சம் இறங்கும்படியும். இரண்டாவது கை ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிட்டேன், பசைக்குப் பிடி வேண்டுமே. கதவடியில் செங்கல் வைத்துக் கரை கட்டித் தண்ணீர் நிறுத்தி, பழைய தொட்டியைப் பக்கத்தில் வைத்தேன். 48 மணி நேரத்தில் இரண்டிலும் 4 மில்லி. ஹால் கூரையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். கவலை எனக்கு மட்டும் இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. மேஸ்திரியும் காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் அங்கேதான் நின்றிருக்கிறார்.

டைல்காரர் வந்தார். சின்ன வயசு, பேச்சு குறைவு. பையிலிருந்து 6 அடி அலுமினியப் பட்டையை எடுத்து ஷவர் சுவரில் குறுக்காக, நெடுக்காக, மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். பட்டைக்கடியில் ஒரு ரூபாய்க் காசை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. "யார்ணே பூசினது?" என்றார். மேஸ்திரி வெளியே நின்றுகொண்டிருந்தார், காதில் விழுந்திருக்கும்.

தரைக்கு வாட்டம் இருப்பதால் அடி வரிசையை விட்டுவிட்டு, இரண்டாவது வரிசைக்கு மட்டம் பார்த்து அலுமினியப் பட்டையைச் சுவரில் ஆணியடித்து, அதன் மேல்தான் டைலை உட்கார வைக்க ஆரம்பிப்பார்களாம். அடி வரிசையைப் பிறகு தரைக்கேற்ப வெட்டிச் சொருகுவார்கள். நான் கெஞ்சி, க்ளோசெட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு டைலை முதலில் ஒட்டச் சொன்னேன். பசை இழுத்து, அழுத்தி, தட்டினார். டைலின் முகத்திலிருந்து குழாயின் மையத்துக்கு டேப் பிடித்தேன். 9 அங்குலம், அதற்கு மேல் ஒரு நூல்.

"ஒரு நூல் இருக்கட்டும்ணே, க்ளோசெட்ட நகத்தி ஒக்கார வெக்க எடம் வேணும்" என்றார் அவர்.

கீழ் பாத்ரூமுக்கு எடுத்திருக்கும் சுவர் டைல் 7 மில்லிதான். கட்டையை 2 மில்லி இழைக்க ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் அங்கே நாளைக்கு முதலில் போவது நூல்கண்டு.